காய்ச்சி அடிக்கும் தொழிலில் அச்சுகளின் தேய்மானம்

'தேய்மானம்' என்ற சொல் பொருளாதாரத்தில் ஒரு கணக்கேட்டுச் சொல். எந்திரத்தின் விலையை அதன் ஆயுட்காலத்துக்குப் பங்கிட்டு ஆண்டுதோறும் ஒதுக்கிவைக்கும் தொகையை அது குறிக்கும். பொறியியலில் அதே சொல், ஓர் உலோகப் பரப்பு மற்றொன்றின்மீது உராய்ந்து சிறிது சிறிதாகக் குறைந்துபோவதைக் குறிக்கிறது. இவ்விரு பொருள்களும் ஒன்றுசேரும் இடங்களில் முக்கியமானது, சூடான உருக்கைக் காய்ச்சி அடித்து உருவம் கொடுக்கும் ஃபோர்ஜிங் தொழிற்கூடத்தின் அச்சு. ஆனால் பல சிறு தொழிற்கூடங்களின் ஏடுகளில் இச்சந்திப்பு பதிவாவதில்லை. முப்பது ஆண்டுகள் உழைக்கக்கூடிய சம்மட்டி எந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்படுகிறது. சில வாரங்களிலேயே தேய்ந்து முடியும் அச்சோ எண்ணெய், கந்தைத் துணி ஆகியவற்றுடன் 'கிடங்குப் பொருள்கள்' என்ற தலைப்பில் மறைந்துவிடுகிறது.

மோட்டார் வண்டியின் கிராங்க் தண்டு, டிராக்டரின் பல்சக்கரம், ரயில் பெட்டியின் இணைப்புப் பகுதிகள், ஸ்பானர், குறடு என அடியும் இழுப்பும் தாங்கவேண்டிய பொருள்கள் பெரும்பாலும் காய்ச்சி அடித்தே செய்யப்படுகின்றன. புனே வட்டாரத்தில் மோட்டார் வண்டிப் பகுதிகளும், பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா நகரங்களில் கைக்கருவிகளும் இம்முறையில் பெருமளவில் உற்பத்தியாகின்றன. பெரிய ஆலையாயினும் இரண்டு சம்மட்டிகள் மட்டுமே உள்ள சிறு கூடமாயினும் செயல்முறை ஒன்றே. உருக்குத் துண்டு 1,150 முதல் 1,250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்படுகிறது. பின்னர் அது மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையில் வைத்து அடிக்கப்படுகிறது. உலோகம் அச்சின் குழிவில் பாய்ந்து அதன் உருவத்தைப் பெறுகிறது. மிகுதியானது ஓரத்தில் மெல்லிய தகடாகப் பிதுங்கி, பிறகு வெட்டி நீக்கப்படுகிறது.

காய்ச்சி அடித்த பொருளின் உற்பத்திச் செலவில் அச்சுகளின் பங்கு 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. எரிபொருளைப் போலவோ மூல உருக்கைப் போலவோ இது சந்தை விலையால் முற்றிலும் கட்டுண்ட செலவன்று. தொழிற்கூடத்தின் உள்ளே கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கைப் பொறுத்து இது கூடும் அல்லது குறையும். ஆகவேதான் தொழிற்கடன் விண்ணப்பங்களை ஆராயும் அலுவலர்களும் அச்சின் பரப்பில் நிகழ்வதை ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

அச்சின் பரப்பில் நிகழ்வது என்ன?

ஓர் அடி விழும் கணத்தில் அச்சின் மேற்பரப்பு 500 முதல் 700 டிகிரி வரை சூடேறக்கூடும். ஆனால் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே அதே அச்சு 200 டிகிரி அளவிலேயே இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள உருக்குத் தண்டு 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். அச்சின் மேற்தோலும் அவ்வாறே விரிய முயல்கிறது. அடியிலுள்ள குளிர்ந்த பெரும்பகுதி அதை விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நெருக்குண்ட மேற்தோல் அமுங்கி இடங்கொடுக்கிறது. அடுத்த கணம் மசகு நீர் தெளிக்கப்பட்டுக் குளிரும்போது அதே தோல் சுருங்க முயன்று இழுபடுகிறது. இப்படிப் பல்லாயிரம் முறை நிகழ்ந்தபின், வறண்ட ஏரியின் தரையைப் போல் மெல்லிய வெடிப்புகள் வலைப்பின்னலாகத் தோன்றும். இதுவே வெப்பக் களைப்பு எனப்படுகிறது.

இது அச்சின் அழிவுக்கான வழிகளுள் ஒன்று. இரண்டாவது, பரப்பு மிகையாகச் சூடேறி மென்மையடைந்து, குழிவின் கூரிய விளிம்புகள் அமுங்கி உருண்டுபோவது. மூன்றாவது, அடியின் அதிர்ச்சியால் அச்சே பிளந்துவிடுவது. நான்காவது உராய்வால் நேரும் தேய்வு. பயனற்றுப்போகும் அச்சுகளில் மிகப் பெரும்பாலானவற்றை வீழ்த்துவது இந்த நான்காவதுதான். ஆனால் நான்கும் தனித்தனியே வருவதில்லை. மென்மையடைந்த பரப்பு விரைவில் தேய்கிறது. வெடிப்பு கண்ட பரப்பின் விளிம்புகள் உதிர்ந்து அந்தத் துகள்களே அரமாகின்றன.

தேய்வைக் கணக்கிட, பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜே. எஃப். ஆர்ச்சர்டு 1953இல் வெளியிட்ட எளிய சமன்பாடு இன்றும் பயன்பட்டு வருகிறது. தேய்ந்துபோகும் உலோகத்தின் கன அளவு, அழுத்தும் விசைக்கும் சறுக்கும் தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், பரப்பின் கடினத்தன்மைக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமைகிறது என்பது அதன் சாரம். மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். கடினத்தன்மை என்று இங்கு கருதப்படுவது சோதனைக்கூடத்தில் குளிர்ந்த நிலையில் அளந்த எண் அன்று. அடி விழும் கணத்தில் சூடான மேற்தோலுக்கு உள்ள கடினமே ஆகும். சிறந்த கருவி உருக்கிலும் இது 600 டிகிரியை நெருங்கும்போது வேகமாகச் சரிகிறது. 'ராக்வெல் 50' என்று முத்திரையிடப்பட்ட அச்சு ஏன் மூன்றே நாளில் தேய்ந்தது என்ற வியப்புக்கு விடை பெரும்பாலும் இதில் உள்ளது.

பொருக்கு என்னும் அரம்

உலையில் சூடாகும் உருக்கின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து பொருக்கு உண்டாகிறது. அப்பொருக்கு மூன்று அடுக்குகளைக் கொண்டது. உலோகத்தை ஒட்டிய வுஸ்டைட் மிகவும் தடித்தது. ஆனால் மூன்றிலும் மென்மையானது. அதற்கு மேலுள்ள மாக்னடைட் கூடுதல் கடினம் உடையது. வெளிப்புறத்திலுள்ள ஹெமடைட் மிக மெல்லியது, மிகக் கடினமானது. அடி விழும்போது இப்பொருக்கு நொறுங்கி, பாயும் உலோகத்துக்கும் அச்சுக்கும் நடுவே சிக்கி, உப்புத்தாள்போல் அச்சை அராவுகிறது.

உலை எண்ணெயால் எரியும் சாதாரண உலையில் 2 முதல் 3 சதவீத உருக்கு பொருக்காகவே வீணாவதுண்டு. மின்தூண்டல் முறையில் துண்டு மிகக் குறுகிய நேரத்தில் சூடாவதால் இழப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கு உட்பட்டே இருக்கிறது. மின்தூண்டல் உலைக்குக் கடன் கோரும் திட்ட அறிக்கைகளில் எரிபொருள் சேமிப்பு மட்டுமே கணக்கிடப்படுவதைக் காணலாம். மீதமாகும் உருக்கையும் நீளும் அச்சு ஆயுளையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் முதலீட்டின் உண்மையான வருவாய் தெரியும்.

மின்தூண்டல் உலை வாங்க இயலாதவர்களுக்கும் வழி இல்லாமற் போகவில்லை. துண்டை முதலில் தட்டையான பரப்பில் இலேசாக ஓர் அடி அடித்துப் பொருக்கை உதிர்த்துவிட்டு, குழிவை அழுத்தக் காற்றால் ஊதித் துப்புரவாக்கிய பின்னரே அச்சில் வைப்பது பழைய முறை. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. உலையில் துண்டுகளைத் தேவைக்கு மேல் காயவிடாதிருப்பதும் அதைப் போன்றதே. உணவு இடைவேளையில் துண்டுகள் உலையிலேயே கிடந்தால் திரும்பி வரும்போது அவற்றின்மேல் தடித்த பொருக்கு காத்திருக்கும்.

உராய்வு முற்றிலும் பகையன்று

உராய்வு விசை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1699இல் பிரெஞ்சு அறிஞர் அமோன்தோன் கூறியது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. சூடான உலோகத்தை அடிக்கும்போது இவ்விதி ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. அழுத்தம் மிக உயர்ந்துவிட்டால், உலோகம் அச்சின்மேல் சறுக்குவதற்குப் பதிலாக அதனுடன் ஒட்டி நின்றுவிடுகிறது. அசைவு உலோகத்தின் உட்புறத்திலேயே நிகழ்கிறது. எனவே உராய்வு ஒருபோதும் அந்த உலோகத்தின் வெட்டு வலிமையை மீறமுடியாது. பொறியாளர்கள் இதனால் 0 முதல் 1 வரையுள்ள 'உராய்வுக் காரணி' ஒன்றைக் கையாளுகின்றனர். உராய்வே இல்லாவிடில் 0. முற்றிலும் ஒட்டிவிட்டால் 1. கிராஃபைட் மசகு நன்கு பூசிய அச்சில் சூடான உருக்குக்கு இது 0.2 முதல் 0.4 வரை அமைவது வழக்கம்.

உராய்வை அறவே நீக்கிவிடுவதே நோக்கம் என்று எண்ணுதல் தவறு. ஓரத்தில் பிதுங்கும் மெல்லிய தகடு விரைவில் குளிர்ந்து, அங்குள்ள உராய்வுடன் சேர்ந்து, உலோகம் வெளியேறுவதைத் தடுக்கிறது. அந்தத் தடை இருப்பதால்தான் உலோகம் திரும்பிக் குழிவின் மூலைமுடுக்குகளை நிரப்புகிறது. குழிவுக்குள் வழுக்கலும் வாயிலில் தடையும் வேண்டும். அச்சு வடிவமைப்பாளரின் திறமை பெரும்பாலும் இதில் அடங்கியுள்ளது. இந்த வாயில்தான் மிக விரைவாகத் தேயும் இடமும் ஆகும். அது தேயத்தேய உலோகம் எளிதில் தப்பி ஓடுகிறது. மூலைகள் நிரம்பாமல் போகின்றன. அதை ஈடுசெய்யக் கூடுதல் எடையுள்ள துண்டு வைக்கப்படுகிறது. கூடுதல் துண்டு கூடுதல் பிதுக்கம் தந்து வாயிலை மேலும் தேய்க்கிறது.

மசகுப் பொருளின் தரத்தை அறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வெளிவிட்டம், உள்விட்டம், உயரம் ஆகியன 6:3:2 என்ற விகிதத்தில் அமைந்த உருக்கு வளையம் ஒன்றைச் சூடாக்கி, மசகு பூசிய இரு தட்டையான பரப்புகளுக்கிடையே அமுக்கினால் போதும். உராய்வு குறைவாயின் வளையத்தின் துளை விரியும். மிகுதியாயின் துளை சுருங்கும். 1960களின் நடுப்பகுதியில் மேல், காக்கிராஃப்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இச்சோதனையை அளவீட்டு முறையாக வகுத்தனர். புது மசகை விற்கவரும் முகவரின் சொல்லை நம்புவதைவிட நான்கு வளையங்களை அமுக்கிப் பார்ப்பது நம்பகமானது.

மசகைப் பற்றி மேலும் ஒரு செய்தி. பழைய சம்மட்டிக் கூடங்களில் மரத்தூள் தூவும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அது அச்சினுள் கருகி வாயுவாக மாறி, அடித்த பொருளை மேலே தள்ளிவிட உதவும். கழிவெண்ணெய் தடவுவதும் உண்டு. இரண்டுமே தொழிலாளியின் நுரையீரலுக்குப் புகையைத் தருகின்றன. கழிவெண்ணெய் உயர்ந்த வெப்பத்தில் மசகாக நிலைப்பதும் இல்லை. நீரில் கலந்த கிராஃபைட் பரப்பைக் குளிர்விக்கவும், மசகுப் படலத்தை விட்டுச்செல்லவும் ஒருங்கே பயன்படுகிறது. ஆயினும் அதையும் வாரி இறைத்தால் திடீர்க் குளிர்ச்சியால் வெப்ப வெடிப்புகள் பெருகும். மெல்லிய தூவலே போதுமானது.

எந்த உருக்கு, எதற்கு?

அச்சு உருக்குகளில் இரண்டைப் பற்றி மட்டும் இங்கு கூறினால் போதும். ஜெர்மானியத் தர எண்ணால் 'டின் 2714' என அழைக்கப்படுவதில் ஏறக்குறைய 0.55 சதவீதம் கரியும், 1.7 சதவீதம் நிக்கலும், 1 சதவீதம் குரோமியமும், சிறிதளவு மாலிப்டினமும் உள்ளன. இது அதிர்ச்சியைத் தாங்கும்; எளிதில் பிளவாது. 'எச்-13' என்ற அமெரிக்கத் தர எண் கொண்டதில் கரி 0.4, குரோமியம் 5, மாலிப்டினம் 1.3, வனேடியம் 1 சதவீத அளவில் சேர்ந்துள்ளன. இது உயர்ந்த வெப்பத்திலும் கடினத்தை விடாது.

சம்மட்டியில் அடியின் அதிர்ச்சி மிகுதி. ஆனால் சூடான உலோகம் அச்சைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கே. எந்திரப் பிரஸ்ஸில் அதிர்ச்சி குறைவு. தொடும் நேரம் அதைப்போல் பல மடங்கு. நீரழுத்தப் பிரஸ்ஸில் அது இன்னும் நீளும். எனவே சம்மட்டிக்கு முதல் வகை, பிரஸ்ஸுக்கு இரண்டாம் வகை என்பது பொது விதி. சம்மட்டியை விட்டுப் பிரஸ்ஸுக்கு மாறும் தொழில்முனைவோர் பழைய உருக்கையே தொடர்ந்து பயன்படுத்திவிட்டு, பிரஸ் எந்திரமே அச்சைத் தின்கிறது என்று முறையிடுவது இயல்பு.

உருக்கு சரியாக இருந்தாலும் வெப்பப் பதனம் தவறினால் பயனில்லை. எச்-13 உருக்கை ஏறத்தாழ 1,020 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர்வித்து, பின் 550 டிகிரிக்கு மேல் இருமுறையேனும் பதந்தணிக்கவேண்டும். ஒரு முறையோடு நிறுத்தி எரிபொருளை மிச்சப்படுத்துவது, முறியும் தன்மையுள்ள அச்சை விலைகொடுத்து வாங்குவதாகும். பிறகு 500 முதல் 550 டிகிரியில் அம்மோனியா வாயுவில் வைத்து நைட்ரஜன் ஏற்றினால், 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மிகக் கடினமான தோல் உண்டாகி அராவலைத் தடுக்கிறது. பெருத்த அடி விழும் சம்மட்டி அச்சுகளில் இத்தோல் செதில்செதிலாகப் பெயர்ந்துவிடக் கூடும் என்பதால் எல்லா இடத்துக்கும் இது மருந்தாகாது.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு ஸ்பானர் தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள எண்கள் யாவும் கணக்கை எளிதாக்கக் கொள்ளப்பட்டவை. மாதம் 40,000 ஸ்பானர்கள்; மணிக்கு 200. ஒரு சோடி அச்சின் அடக்கவிலை 60,000 ரூபாய். அது 5,000 ஸ்பானர்களுக்கு உழைக்கிறது. அப்படியாயின் ஒரு ஸ்பானருக்கு அச்சுச் செலவு 12 ரூபாய். மாதத்துக்கு 8 சோடிகள். உரிமையாளர் மலிவான உருக்கை வாங்கி அடக்கவிலையை 48,000 ரூபாயாகக் குறைக்கிறார். அச்சு 3,200 ஸ்பானர்களோடு ஓய்ந்துவிடுகிறது. கொள்முதல் ஏட்டில் 12,000 ரூபாய் மிச்சம். ஆனால் ஒரு ஸ்பானருக்கு ஆகும் செலவு 15 ரூபாய்.

இதற்கு மாறாக, நல்ல உருக்கையே வைத்துக்கொண்டு, அச்சை முன்கூட்டிச் சூடாக்கியும், பொருக்கை அகற்றியும், மசகை ஒழுங்காகத் தூவியும் ஆயுளை 8,000 ஆக உயர்த்தினால், செலவு ஏழரை ரூபாயாகக் குறையும். மாதத்துக்கு 8 சோடிகளுக்குப் பதில் 5 போதும். நேரடிச் சேமிப்பு 1,80,000 ரூபாய். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று மணி நேரம் எனக் கொண்டால் மீதமாகும் 9 மணி நேரத்தில் 1,800 ஸ்பானர்கள் கூடுதலாகச் செய்யலாம். தேய்ந்த குழிவு பெரிதாவதால் ஒவ்வொரு ஸ்பானரிலும் சராசரியாக 2 கிராம் உருக்கு வீணே ஏறுவதாகக் கொண்டால், அதுவே மாதம் 80 கிலோகிராம்.

உராய்வு, தேய்மானம், மசகு ஆகியவற்றை ஒரே துறையாக ஆராயவேண்டும் என்று 1966இல் பிரிட்டனில் ஜோஸ்ட் குழு அறிக்கை அளித்தபோது, அறிந்த முறைகளைச் செவ்வனே கையாண்டாலே அந்நாட்டுத் தொழில்கள் ஆண்டுக்கு 51.5 கோடி பவுன் மிச்சப்படுத்தலாம் என்று மதிப்பிட்டது. அத்தொகையின் பெரும்பகுதி பராமரிப்பிலும் எந்திர நிறுத்தத்திலும் கிடைக்கக்கூடியது என அக்குழு கண்டது கருதத்தக்கது.

காலை வேளையில் குளிர்ந்த அச்சு

இவையெல்லாம் நெடுங்காலமாக அறியப்பட்டவை என்றால், நடைமுறையில் ஏன் தவறுகின்றன? அறியாமை ஒரு காரணம். தேசிய வார்ப்பட, ஃபோர்ஜிங் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் 1966இல் ராஞ்சியில் தொடங்கப்பட்ட நிறுவனமும், ஜலந்தரிலுள்ள மத்திய கைக்கருவி நிறுவனமும், லூதியானாவின் மத்திய கருவிக்கூடமும் பயிற்சியின் மூலம் இக்குறையை ஓரளவு நீக்க முயன்று வந்துள்ளன. ஆனால் பயிற்சியால் மட்டும் தீராத காரணம் ஒன்று உண்டு. அது கூலி முறையைச் சார்ந்தது.

ஜனவரி மாதத்தில் பஞ்சாபின் காலை வெப்பம் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த அச்சு அந்நிலையில் கண்ணாடிபோல் முறியும் தன்மையது. அதை 150 முதல் 300 டிகிரி வரை சூடாக்கிய பின்னரே முதல் அடி விழவேண்டும். பெரிய அச்சாயின் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். துண்டுக் கூலி முறை நிலவும் கூடத்தில் இந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. சம்மட்டி ஓட்டுபவருக்கும், இடுக்கி பிடிப்பவருக்கும், உலைக்காரருக்கும் அடித்து முடித்த எண்ணிக்கைக்கே ஊதியம். ஆகவே சிவக்கக் காய்ந்த ஓர் இரும்புத் துண்டைச் சில நிமிடங்கள் அச்சின்மேல் வைத்துவிட்டு வேலை தொடங்கிவிடுகிறது. மேற்தோல் மட்டும் சூடேறுகிறது. உள்ளே குளிர் அப்படியே இருக்கிறது. அச்சு அன்று பிளவாமல் போகலாம். பத்தாவது நாள் பிளக்கும். அப்போது கூடம் நிற்கும். அன்றைய கூலியை இழப்பவரும் அதே தொழிலாளியே. பிளந்த அச்சிலிருந்து சில்லு தெறித்துக் காயமுறுபவரும் அவரே.

தொழிலாளியின் அவசரத்தைக் குறைகூறுவதில் பயனில்லை. கிடைக்கும் கூலிக்கேற்ப அவர் நடந்துகொள்கிறார். உரிமையாளரும் அவ்வாறே, கொள்முதல் ஏட்டில் தெரியும் விலைக்கேற்ப நடக்கிறார். தீர்வு எளியதே. சூடாக்கும் நேரத்துக்கு நேரக் கூலி நிர்ணயிக்கலாம். அல்லது, பணிமுறை தொடங்குமுன் அச்சைச் சூடாக்கிவைக்கும் வாயு அடுப்பு ஒன்றை அமைத்து அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். ஒரு சோடி அச்சின் ஆயுள் குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால், சேமிப்பில் ஒரு பங்கைக் குழுவினருக்கு ஊக்கத் தொகையாக அளிப்பதும் ஒரு வழி. முன்னர்க் காட்டிய கணக்கில் ஒரு ஸ்பானருக்கு மிச்சமாகும் நாலரை ரூபாயில் ஐம்பது காசு அளித்தாலும் உரிமையாளருக்கு நான்கு ரூபாய் எஞ்சும்.

தொழிற்கூடத்தைப் பார்வையிடச் செல்லும் அலுவலர் சம்மட்டிகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு திரும்புவது வழக்கம். அவர் கேட்கவேண்டிய மற்றொன்று அச்சுப் பதிவேடு. ஒவ்வொரு சோடிக்கும் உருக்கின் தரம், பதனத்துக்குப் பின் அளந்த கடினம், முதல் அடிக்கு முன் இருந்த வெப்பநிலை, அடித்த எண்ணிக்கை, எத்தனையாவது முறையாகக் குழிவு வெட்டப்பட்டது, எந்தக் காரணத்தால் அச்சு இறக்கப்பட்டது ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். கடைசிப் பத்தியில் எல்லா வரிகளிலும் 'தேய்ந்தது' என்ற ஒரே சொல் இருந்தால் பதிவேடு பார்வைக்காக எழுதப்பட்டது என்று கொள்ளலாம். வாயில் தேய்ந்ததா, விளிம்பு அமுங்கியதா, வலைப்பின்னல் வெடிப்பா, குறுக்கே பிளந்ததா என்று பிரித்து எழுதியிருந்தால், அடுத்த அச்சுக்கு மாற்றவேண்டியது மசகா, உருக்கா, பதனமா, காலை நேர அடுப்பா என்பது அந்தப் பத்தியிலிருந்தே தெரியவரும்.